புதியவர்க்கு ஒரு பாயிரம்: தமிழ் விக்கிப்பீடியாவும் நன்னூல் காட்டும் வழியும்

நூலுக்குள் நுழைவார்க்கு வழிகாட்டுதற்கென்றே நம் முன்னோர் பாயிரம் என்னும் உறுப்பை வகுத்தனர். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என ஏழு பெயர்களை நன்னூலார் அதற்குச் சுட்டுகின்றார். ஒன்றற்கு ஏழு பெயர் வழங்குமாயின், கற்பாரிடையே அஃது எத்துணை இன்றியமையாததாய் இருந்திருத்தல் வேண்டும் என்பதை உய்த்துணரலாம். எவ்வளவு விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்றே பவணந்தியார் கருதினார். நூல் நன்றாய் இருந்தால் மட்டும் போதாது. அதனுள் புகுவான் இடறாமல் புகவும் வேண்டும் என்பது அக்கருத்தின் உட்கிடை.

இன்று தமிழில் பலர் கூடி எழுதும் நூல்களுள் மிகப் பெரியது தமிழ் விக்கிப்பீடியா. 2003ஆம் ஆண்டில் அது தோன்றியது. ஈழத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்கக் காலத்திலேயே பக்கங்களில் தோன்றும் கட்டளைச் சொற்களைத் தமிழாக்கியும், பல நூறு கட்டுரைகளை வரைந்தும் அதற்கு அடித்தளம் இட்டார். 2017ஆம் ஆண்டில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைக் கடந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை அறிஞர் குழு ஒன்று ஆக்கியது. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் ஏறத்தாழ ஒருவரின் உழைப்பால் உருப்பெற்றது. விக்கிப்பீடியாவோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் கொள்கையுடையது. ஆயினும் அதனைப் படிப்பார் பலர். எழுதப் புகுவார் மிகச் சிலர். புகுந்தாருள்ளும் நிலைத்து நிற்பார் அரியர். கதவு திறந்துதான் இருக்கின்றது. வாயில் எது, சுவர் எது என்பதுதான் புதியவர்க்குப் புலப்படவில்லை. இக்குறையை நீக்குதல் கணிப்பொறித் துறையினரின் வேலை என்று தமிழ்த் துறையினர் ஒதுங்குவது வழக்கம். இது பெரும்பாலும் தமிழ்த் துறையின் வேலையே என்பது எம் கருத்து.

சொல்லே தடையாதல்

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். விக்கிப்பீடியாக் கட்டுரை ஒவ்வொன்றின் தலைப்பருகிலும் 'தொகு' என்றொரு சொல் நிற்கும். கட்டுரையைத் திருத்த விழைவார் அழுத்த வேண்டிய சொல் அதுவே. தமிழ் பயிலும் மாணவர்க்குத் தொகுத்தல் என்றால் என்ன பொருள்படும்? எட்டுத்தொகை நினைவுக்கு வரும். தொகைநிலைத் தொடர் நினைவுக்கு வரும். நூலின் யாப்பு நான்கு எனக் கூறுமிடத்துத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நன்னூல் அடுக்குவதும் நினைவுக்கு வரும். சிதறிக் கிடப்பனவற்றை ஒன்றுசேர்த்தல், விரிந்ததைச் சுருக்குதல் என்பனவே நாம் அறிந்த பொருள்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வந்த மாணவன் அச்சொல்லைக் கண்டு, 'இது நமக்கன்று' என்று கடந்து செல்வதில் வியப்பில்லை.

அதனருகே 'மூலத்தைத் தொகு' என்னும் மற்றொரு தொடரும் உண்டு. மூலமும் உரையும் என்று பழகிய நமக்கு, மூலம் என்றதும் ஆசிரியர் இயற்றிய செய்யுளே தோன்றும். அதனைத் தொடுவதற்கு எவர்க்கும் அச்சம் வருமன்றோ? ஈண்டு மூலம் என்பது, பக்கத்தின் பின்னே நிற்கும் குறியீடுகளோடு கூடிய எழுத்து வடிவம். அறிந்தார்க்கு இஃது எளிது, அறியார்க்கு அரண்.

கைப்பேசியில் பார்ப்பார்க்கு இவ்விடர்ப்பாடு குறைவு என்பதையும் கூறுதல் வேண்டும். சிறிய திரையில் சொல்லுக்கு இடமில்லாமையால் அங்கே ஒரு பென்சிலின் படத்தை வைத்துள்ளனர். சொல் உணர்த்தாததைப் படம் உணர்த்திவிடுகின்றது! தமிழ் கற்பிக்கும் நாம் இதனை எண்ணிச் சிறிது நாணத்தான் வேண்டும்.

இச்சொற்களை ஆக்கியோரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. பகுப்பு, வார்ப்புரு, வழிமாற்று, கவனிப்புப் பட்டியல், மணல்தொட்டி என அவர்கள் படைத்த சொற்கள் பல நல்ல தமிழ்ச் சொற்கள். புதியவர் கெடுக்காமல் எழுதிப் பழகும் இடத்திற்கு மணல்தொட்டி என்று பெயர். மணலில் விரலால் எழுதிப் படித்த பழைய பள்ளி மரபு அதில் நிழலாடுகின்றது. ஆங்கிலத்தில் குழந்தைகள் விளையாடும் மணற்பெட்டியைக் குறித்த சொல் தமிழில் கல்வியின் தொடக்கத்தையே குறிப்பதாய் அமைந்தது நற்பேறு. இடர்ப்பாடு எங்கெனில், ஒரு சொல்லை முதன்முதலாகக் காண்பாருக்கு அதன் பொருளை அவ்விடத்திலேயே உரைப்பார் இல்லாமையே. உதவிப் பக்கங்கள் உள்ளன. ஆனால் அவற்றைத் தேடிச் செல்லும் வழியும் அதே கலைச்சொற்களால் ஆனது.

ஆலமரத்தடியும் திண்ணையும்

பயனர்கள் கூடிப் பேசும் பொது இடத்திற்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டுள்ளனர். அழகிய பெயர்தான். ஆயினும் நம் ஊர்களில் ஆலமரத்தடியில் யார் பேசினர்? ஊர்ப் பெரியோர் பேசினர், வழக்குத் தீர்த்தனர், மற்றையோர் நின்று கேட்டனர். வெளியூரான் அங்கே வாய் திறப்பதில்லை. பெயரோடு அப்பழக்கமும் உடன் வந்துவிட்டதோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. வழிப்போக்கர்க்கென நம் வீடுகளில் இருந்தது திண்ணை. அங்கே அமர எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. தண்ணீர் கேட்கலாம், வழி கேட்கலாம், கேட்டுவிட்டுப் போகலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவினர் இவ்வேறுபாட்டை உணர்ந்து, 2012ஆம் ஆண்டில் புதியவர் வினவுதற்கென்றே 'தேநீர் இல்லம்' என்னும் பெயரில் ஓர் இடம் அமைத்தனர். தமிழிலும் வினாக்களுக்கென ஒத்தாசைப் பக்கம் என்றொன்று உண்டு. அதன் இருப்பிடம் முதல் நாளிலேயே புதியவர் கண்ணில் படுமாறு செய்தால், அதுவே திண்ணையாகிவிடும்.

புதியவரைப் பேணாமையின் விளைவு யாது என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவே சான்று. அதில் முனைந்து எழுதுவோர் தொகை 2007ஆம் ஆண்டிற்குப் பின் குறையலாயிற்று. ஆரோன் ஹாஃபேக்கரும் அவருடன் ஆய்ந்தோரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதற்கான காரணத்தைத் தேடிற்று. தீங்கு செய்வாரைத் தடுக்க அமைத்த கருவிகளும் கட்டுப்பாடுகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவரின் முதல் முயற்சியையும் சேர்த்தே நீக்கின என்பதும், அங்ஙனம் நீக்கப்பட்டவர் மீண்டு வரவில்லை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. பயிரைக் காக்க இட்ட வேலி, நாற்று நட வந்தவரையும் தடுத்துவிட்டது.

பின்னர், 2018ஆம் ஆண்டு முதல் விக்கிமீடியா அறக்கட்டளை இதற்கென ஒரு குழுவை அமைத்து, செக், கொரிய மொழிப் பதிப்புகளில் தொடங்கிப் புதியவர்க்கெனத் தனி முகப்பு ஒன்றை உருவாக்கியது. அதில் வினாவுக்கு விடை தர ஒரு வழிகாட்டி இருப்பார். எளிய சிறு பணிகள் சில அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுத்தல் அவற்றுள் ஒன்று. இது நம் சங்கரன்கோவிலார்க்குப் புதிய செய்தியன்று. தறி ஓடும் வீட்டில் புதிதாய்ப் பழகுவாரை எடுத்த எடுப்பில் யாரும் தறியில் அமர்த்துவதில்லை. தார் சுற்றச் சொல்வர். அறுந்த இழையை முடியச் சொல்வர். கை பழகிய பின்னரே தறி. முழுக் கட்டுரை எழுதுதலையே முதற் பணியாகப் புதியவர்க்குக் கொடுப்பது, பாவு கூட அறியாதவனைப் பட்டு நெய்யச் சொல்வது போன்றது.

எந்தப் பெயரில் தேடுவது?

புதியவர் முதலில் செய்வது தேடுதல். தேடியது கிடைக்கவில்லையேல் 'இங்கே இல்லை' என்று முடிவு செய்து திரும்பிவிடுவார். உண்மையில் அது வேறொரு பெயரின்கீழ் இருக்கும்.

நம் ஊரையே காட்டாகக் கொள்வோம். சங்கரன்கோவில் என்பார் உளர். சங்கரன்கோயில் என்று எழுதுவார் உளர். பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோயில் என்னும் வழக்கும் உண்டு. (நயினார் என்னும் அச்சொல் நம் முஸ்லிம் குடும்பப் பெயர்களிலும் பயில்வது எண்ணி மகிழத்தக்கது.) 2019ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டம் என்றும், அதன்பின் தென்காசி மாவட்டம் என்றும் தேட வேண்டும். ஓர் ஊருக்கே இத்தனை வாயில்கள்!

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கு வந்தால் இவ்விடர் பன்மடங்காகின்றது. அறபுப் பெயர்களைத் தமிழில் எழுதுவதில் நம் முன்னோர் றகரத்தைப் பெரிதும் ஆண்டனர். உமறு, காதிறு, றசூல், ஹிஜ்றத்து என எழுதினர். இன்றைய மாணவர் உமர், காதர், ரசூல், ஹிஜ்ரத் எனத் தட்டச்சிடுகின்றனர். முகம்மது, முகமது, முஹம்மது, முஹம்மத் என நான்கும் நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே உள்ளன. தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடங்கிய ஞானியாரைப் பீர் முகம்மது அப்பா என்பதா, பீரு முஹம்மது என்பதா, இரு சொல்லையும் சேர்த்தெழுதுவதா? சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றிய பெருந்தகையைச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் என்று ஏட்டில் காண்கின்றோம். சேகனாப் புலவர் என்று பேச்சில் கேட்கின்றோம். புலவர் நாயகம் என்று பெரியோர் போற்றக் கேட்டுள்ளோம். மூன்று பெயரும் ஒருவரையே குறிப்பன என்பதை அறியாத மாணவி மூவரைத் தேடுவாள். அல்லது ஒருவரையும் காணாள்.

கிரந்த எழுத்துச் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. இஸ்லாம் என்பதா, இசுலாம் என்பதா என்று தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துகள் குறித்து நெடிய உரையாடல்கள் நிகழ்ந்துள்ளன. எது சரி என்னும் வழக்கில் ஈண்டு நாம் நுழையவில்லை. தலைப்பு எவ்வாறு இருப்பினும், மற்ற வடிவத்தால் தேடி வருவாரும் அங்கே சென்று சேர வேண்டும் என்பதே நம் கவலை. இதற்கான கருவிதான் 'வழிமாற்று'. ஒரு பெயரில் தேடுவாரை மற்றொரு பெயரில் உள்ள கட்டுரைக்குத் தானே கொண்டு சேர்க்கும் சிறு பக்கம் அது. ஒரே வரியில் அமைவது. ஓரிரு நிமிடங்களில் எவரும் ஆக்கலாம். ஒரு பெயர் பலர்க்கு உரியதாயின் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்னும் பட்டியல் பக்கம் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தடையும் உண்டு. ஔவையார் என்பதன் முதலெழுத்தைச் சிலர் 'ஒ' என்பதையும் 'ள' என்பதையும் அடுத்தடுத்துத் தட்டி உருவாக்குவர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றும். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். உயிர்மெய் ஔகாரத்திலும் இதே பிழை நேரும். எழுத்திலக்கணம் கற்றவர்க்கு இப்பிழை ஒரு நொடியில் விளங்கும். கல்லாத புதியவர் ஏன் கிடைக்கவில்லை என்பதறியாமலே செல்வார்.

இத்தகைய இடர் தமிழுக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையால் சொற்களை வகுத்தன. மனனம் செய்தார்க்கு அவை கருவூலம். மனனம் செய்யாதவர் ஒரு சொல்லைத் தேடி எடுத்தல் அரிது. 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காய் வகுத்து, அம்முறையை உரைநடையில் நிலைநாட்டினார். சொற்கள் பெரிதும் பழையனவே. அடுக்கிய முறைதான் புதிது. அவ்வடுக்கால், ஆசிரியர் அருகில் இல்லாத ஒருவனும் தானே தேடிப் பொருள் காணும் நிலை பிறந்தது.

வழி என்னும் ஒரு சொல்

சிறப்புப் பாயிரம் கூற வேண்டியன எட்டு என்பர்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவ்வெட்டையும் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி முன்வைத்தால் புதியவரின் ஐயங்களில் பெரும்பாலன தீரும். எல்லையை மட்டும் பாருங்கள்: தமிழகத்தார்க்கு மட்டும் உரியதன்று, ஈழத்தார்க்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கும் பொது என்று முதலிலேயே கூறிவிட்டால், தமக்குப் பழகாத ஈழ வழக்கைக் கண்டு பிழையெனத் திருத்தும் பூசல் எழாது.

எட்டனுள் மிகவும் இன்றியமையாதது வழி. நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவது நம் மரபு. கலைக்களஞ்சியம் ஒருபோதும் முதல்நூலாகாது. பிறர் முன்பே ஆய்ந்து வெளியிட்டதை எடுத்துரைப்பதே அதன் வேலை. 'சொந்த ஆய்வுக்கு இடமில்லை', 'சான்று வேண்டும்' என்று விக்கிப்பீடியா விதிக்கும் நெறிகள் இதன் விரிவே. இதனை அறியாமல், தம் ஊர்த் தைக்காவில் அடங்கியுள்ள பெரியாரைப் பற்றிப் பாட்டனார் கூறக் கேட்டதை அன்போடு எழுதும் இளைஞனின் கட்டுரை சான்றின்மையால் நீக்கப்படக்கூடும். அவன் அதனைத் தன் ஊருக்கும் சமயத்திற்கும் நேர்ந்த அவமதிப்பாகக் கருதவும் கூடும். 'இது வழிநூல், முதல்நூல் இருந்தால் மட்டுமே இங்கே எழுதலாம்' என்னும் ஒரு தொடரை அவன் நுழைவதற்கு முன் படித்திருந்தால் அம்மனக்கசப்பு இல்லை.

இங்கேதான் ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தங்கள் நினைவில் உள்ளவை, பெட்டிகளில் உறங்கும் அறபுத்தமிழ் ஏடுகள், பழைய முனாஜாத்து நூல்கள், பள்ளிவாசல் கணக்கேடுகள் ஆகியவற்றின் செய்திகள் முதலில் ஆய்ந்து அச்சேற வேண்டும். ஆய்விதழ்களும் நூல்களும் அதற்குரிய இடங்கள். கவனத்தோடு ஆய்ந்து எழுதினால் கல்லூரித் துறை மலர்களும் ஓரளவு துணைபுரியும். அச்சேறாத செய்திக்கு எத்துணை நல்ல வழிகாட்டிப் பக்கம் அமைத்தும் பயனில்லை.

கேட்போர் யார் என்பதையும் ஒரு சொல் கூறிவிடுகின்றோம். மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுத்த நன்னூலார், ஒரு செடியில் வயிறார மேயாமல் அங்கொரு தழை இங்கொரு தழை எனக் கடிக்கும் ஆட்டைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். இணையத்திற்கு வருவாரெல்லாம் ஆடுகளே; நாமும் அங்ஙனமே. ஒரு கட்டுரையின் நடுவில் நுழைந்து, இணைப்பைப் பற்றி மற்றொன்றுக்குத் தாவி, மூன்றாவதில் வெளியேறுகின்றோம். ஆகவே பாயிரம் முகப்பில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு செடியருகிலும் ஒரு சிறு குறிப்பு வேண்டும். பவணந்தியார் இதனை ஏற்பாரோ, அறியோம்.

இப்பணிக்கு மிகவும் தகுந்தவர் முதலாண்டு மாணவரே. பல்லாண்டு பழகியவர்க்கு எது தடை என்பது மறந்துவிடும். நேற்று இடறியவனுக்கே கல் இருக்குமிடம் தெரியும். 2010இல் கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்திற்று. மாணவர் எழுத வல்லவர் என்பது அதனால் விளங்கிற்று. நாம் இப்போது வேண்டுவது கட்டுரையன்று. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் வழங்கும் பெயர்களை வைத்துப் பத்துத் தேடல்கள் செய்து, தட்டச்சிட்ட வடிவம், கிடைத்த பக்கம், கிடைக்காதது, புரியாத கலைச்சொல் என நான்கு பத்தியில் ஒரு குறிப்பேடு எழுதட்டும். பாட்டியார் சொல்லும் வடிவத்தையும் தவறாமல் சேர்க்க வேண்டும். புலவர் பெயர், நூற்பெயர், காண்டப் பெயர், ஊர்ப்பெயர் என அவற்றை வகைப்படுத்தி, ஆசிரியர் ஒருவர் சரிபார்த்த பின் வழிமாற்றுகளாக ஏற்றலாம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் சீறாவின் மூன்று காண்டங்களிலிருந்தே தொடங்கலாம். அவற்றிற்கே எத்தனை எழுத்து வடிவங்கள் தேறுகின்றன என்று பார்ப்போம்.